சீன நாணயத்தில் ராசி ஏது?

சீனாவின் வெள்ளி நினைவு நாணயங்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘சந்திர ராசி நாணயம்’ என்ற தொடர் வந்து நிற்கிறது. இது பிழை.

அந்த நாணயங்களில் ஆண்டுக்கு ஒன்றாகப் பொறிக்கும் விலங்குகளுக்குச் சீனர் வைத்த பெயர் ஷெங்சியாவ். ஷெங் பிறப்பு, சியாவ் ஒத்திருத்தல். எலியில் தொடங்கிப் பன்றியில் முடியும் பன்னிரண்டும் ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வருபவை. 1981 சேவல் ஆண்டு என்பதால் சீனா இந்த நாணய வரிசையைச் சேவலோடு தொடங்கியது. அவ்வாண்டு வெள்ளி நாணயத்தின் மதிப்பு 30 யுவான்.

ராசி என்பதோ வானத்தின் பகுப்பு. சூரியன் செல்லும் பாதையில் 30 பாகை ஒரு ராசி, அதைக் கடக்க ஒரு மாதம். பன்னிரண்டு என்ற எண்ணைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக எதுவும் இல்லை. ஆங்கிலம் இரண்டையும் ‘zodiac’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் தமிழும் குழம்ப வேண்டுமா? அதிலும் ‘சந்திர ராசி’ நம் சோதிடத்தில் ஏற்கெனவே பொருள் உள்ள தொடர்: ஒருவர் பிறந்தபோது சந்திரன் நின்ற ராசி. மேஷ ராசிக்காரர் 2015ஆம் ஆண்டின் ஆட்டு நாணயத்தைத் தமக்குரியது என்று நம்பி வாங்கினால், அந்தப் பழி மொழிபெயர்த்தவரையே சேரும். அகராதியைப் புரட்டுகிறார்கள், பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை.

‘சந்திர’ என்பது இங்கே நாட்காட்டியைச் சுட்டுகிறது. சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி, ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் பிறக்கிறது. 2026இன் குதிரை ஆண்டு பிப்ரவரி 17இல்தான் தொடங்கியது. அவ்வாண்டு ஜனவரியில் பிறந்த குழந்தை பாம்பு ஆண்டைச் சேர்ந்தது. குழந்தையின் பிறப்புக்காக நாணயம் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

‘ஆண்டு விலங்கு நாணயம்’ என்பதே சரி. தனி நாணயத்தைக் ‘குதிரை ஆண்டு வெள்ளி நாணயம்’ எனலாம். சேவல் விலங்காகுமா என்று சிலர் கேட்கிறார்கள். பறவையையும் பாம்பையும் ஆராயும் துறைக்கே விலங்கியல் என்று பெயர் வைத்திருக்கிறோமே! 1981 முதல் சிங்கப்பூரும் இத்தகைய நாணயங்களை வெளியிடுகிறது. அந்நாட்டு நாணயங்களில் ‘சிங்கப்பூர்’ என்று தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். தமிழ் ஏறிய நாணயத்துக்காவது தமிழில் ஒழுங்கான பெயர் வேண்டும்.

பன்னிரண்டில் ஒன்றான டிராகனைப் ‘பறவைநாகம்’ ஆக்குவதும் எனக்கு ஒப்பவில்லை. சீன டிராகனுக்குப் பெரும்பாலும் சிறகே கிடையாது. நாணயத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தாலே அது தெரிந்திருக்கும்.