சுருஃப்கா: போலந்துத் தட்டின் பச்சைத் தொடுகறி

போலந்து வீடுகளில் மதிய உணவு பெரும்பாலும் சூப்பில் தொடங்கும். அடுத்து வரும் தட்டில் ரொட்டித்தூள் தோய்த்துப் பொரித்த பன்றி இறைச்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, அப்புறம் ஒரு குவியல் சுருஃப்கா, அதாவது சமைக்காத காய்கறித் தொடுகறி. கொழுப்பேறிய பொரியலுக்கு ஈடுகொடுப்பது அந்தக் குவியலின் புளிப்புதான்.

'சுரோவி' என்றால் போலிஷ் மொழியில் சமைக்காத, பதப்படுத்தாத என்று பொருள். அதோடு 'கா' விகுதி சேர்ந்தது சுருஃப்கா. உணவுக்கு மட்டுமே உரிய சொல் அல்ல இது. ஊதுலையிலிருந்து முதலில் கிடைக்கும் சுத்திகரிக்காத இரும்பும் சுருஃப்காதான்; வெளுக்காத, சாயமேற்றாத துணியும் அப்படியே.

இதைத் தமிழில் 'சாலட்' என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் போலிஷில் சாலட்டுக்கு 'சவாத்கா' என்ற சொல் தனியாக இருக்கிறது. வேகவைத்த காய்கறி, முட்டை, மயோனைஸ் சேர்த்துப் பண்டிகைக்குச் செய்கிறார்களே, அது சவாத்கா. சுருஃப்காவின் காய்கள் அடுப்பேறுவதில்லை. துருவிய கேரட்டும் ஆப்பிளும் எலுமிச்சைச் சாறும் சேர்ந்தால் ஒரு சுருஃப்கா. வெங்காயத்தாள் போன்ற லீக்ஸில் செய்வது இன்னொன்று.

எல்லாவற்றிலும் சிறந்தது, என் கணக்கில், புளித்த முட்டைக்கோஸில் செய்வதுதான். மெல்லியதாகச் சீவிய கோஸில் உப்பிட்டு அழுத்தி வைத்தால், அது விடும் நீரிலேயே மூழ்கிப் புளிக்கும். வினிகர் சேர்ப்பதில்லை, லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் தரும் புளிப்பு அது. அதைப் பிழிந்து நறுக்கி, கேரட், ஆப்பிள், வெங்காயம், எண்ணெய், ஒரு சிட்டிகைச் சர்க்கரை சேர்த்துப் பிசறுவார்கள். புளித்த கோஸைப் பச்சை என்று சொல்லலாமா? சொல்லலாம், தீ படவில்லையே.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பச்சடி' என்றால் நமக்குத் தயிர் நினைவுக்கு வரும். மாங்காய்ப் பச்சடியோ வேகவைத்தது. வெள்ளரியில் புளித்த கிரீம் கலந்து செய்யும் 'மிசேரியா'வை வேண்டுமானால் தயங்காமல் வெள்ளரிப் பச்சடி எனலாம். கோசுமல்லியில் ஊறிய பருப்பும் தாளிப்பும் உண்டு, அதுவும் பொருந்தாது.

'பச்சைத் தொடுகறி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பச்சை என்றால் நிறம் மட்டுமல்ல. புழுக்காத நெல்லின் அரிசி பச்சரிசி, சூளையில் சுடாத கல் பச்சைச் செங்கல். 'சுரோவி' காயையும் இரும்பையும் துணியையும் தொடுவதுபோல நம் 'பச்சை'யும் சமையலறையைத் தாண்டிப் போகிறது. சமையல் குறிப்பில் இந்தச் சொல் முதலில் வரும் இடத்தில் சுருஃப்கா, பச்சைத் தொடுகறி என இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு, பிறகு சுருஃப்கா என்றே தொடரலாம்.