இரண்டு டிக்கெட்டைச் சேர்த்துப் பிடித்தால் இணைப்பு விமானம் ஆகாது

சென்ற மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியுடன் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் டிக்கெட் நகல்கள், டாக்ஸி ரசீது, புது டிக்கெட்டுக்குக் கடன் அட்டையில் தேய்த்த கணக்கு. கைபேசியில் யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: விமானம் மூன்று மணி நேரம் தாமதமானால் 600 யூரோ. “ஆளுக்கு அறுநூறு, இரண்டு பேருக்கு ஆயிரத்து இருநூறு. ஒரு நோட்டீஸ் விட்டால் போதும், இல்லையா சார்?”

மகளின் பேறுகாலத்துக்காக ஜெர்மனி கிளம்பியவர்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு நிறுவனத்தில் டிக்கெட், சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு இன்னொரு நிறுவனத்தில் டிக்கெட். இரவு 9:30க்குச் சென்னையில் இறங்க வேண்டிய விமானம் 12:40க்கு இறங்கியது. பெட்டி வர 1:05. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்கு ஓடினால், 1:50 விமானத்துக்குக் கவுண்டரை மூடிவிட்டார்கள். அதோடு போகவில்லை. போகும் பயணத்துக்கு வராதவர்கள் என்று பதிவாகி, திரும்பி வரும் டிக்கெட்டும் ரத்தாகிவிட்டது.

நோட்டீஸ் விட்டால் போதாது என்று அவர்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் இந்த வருடம் இதே கதையோடு வந்திருக்கும் ஐந்தாவது கட்டு இது. எரிச்சலாகத்தான் இருக்கிறது, அவர்கள் மேல் இல்லை, இப்படி டிக்கெட் போட்டுக் கொடுப்பவர்கள் மேல்.

முதலில் அந்த 600 யூரோ. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற விதி. ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனத்து விமானத்துக்கும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே போனால் ஐரோப்பிய நிறுவனத்து விமானமாக இருக்க வேண்டும். மதுரை–சென்னை விமானத்தின் தாமதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிதான், அதில் தாமதத்துக்கு ரொக்கம் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், கிடையாது. இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணத்தில் இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் கேட்கலாம். இரவு 8 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டியது ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்கும் விடுதி. ரொக்க இழப்பீடு, உரிய காலத்தில் சொல்லாமல் ரத்து செய்தாலும் உறுதியான டிக்கெட் இருந்தும் ஏற்ற மறுத்தாலும்தான். ரத்துக்கு உச்சம் 10,000 ரூபாய், ஏற்ற மறுத்ததற்கு 20,000. வானிலை, பாதுகாப்பு போன்ற காரணங்கள் என்றால் அதுவும் இல்லை. ‘ரத்து செய்து தொலைக்காமல் ஏன் மணிக்கணக்காகத் தள்ளிப் போடுகிறார்கள்?’ என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

இப்போது என் பொறுமையைச் சோதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

“ஒரே தளத்தில்தானே சார் போட்டோம், பணமும் ஒரே தடவைதானே கட்டினோம்?” இருக்கலாம். தளம் ஒன்று, பணம் ஒன்று, மின்னஞ்சலும் ஒன்று. உள்ளே பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண் இரண்டு. அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பிஎன்ஆர் எத்தனை இருக்கிறது? அதற்குக் கீழே பதின்மூன்று இலக்க டிக்கெட் எண், முதல் விமானத்துக்கும் இரண்டாவதற்கும் ஒன்றேதானா? நம் விதியும் ‘ஒரே டிக்கெட் எண்ணில் பதிவான இணைப்பு விமானம்’ என்றுதான் பேசுகிறது. எண் வேறானால், முதல் நிறுவனத்தின் பார்வையில் உங்கள் பயணம் சென்னையோடு முடிந்துவிட்டது. நீங்கள் அங்கிருந்து பிராங்பர்ட்டுக்குப் போகிறீர்களா, பெரம்பூருக்குப் போகிறீர்களா என்பது அவர்கள் கவலை இல்லை. இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி. இரண்டு பேருமே உங்களுக்கு எதுவும் தர வேண்டாம். நடுவில் இருக்கும் அந்த நாலு மணி நேரத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது யார்? நீங்கள்தான்.

ஒரே டிக்கெட்டில் எழுபது நிமிட இடைவெளி கொடுத்திருந்தாலும் பயப்படத் தேவையில்லை. அது போதும் என்று விற்றவர் தீர்மானித்திருக்கிறார். தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர் பாடு. தனி டிக்கெட்டில் ஏழு மணி நேரம் இருந்தாலும் அது உங்கள் பாடு. ஆசிரியர் தனி டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது 2,300 ரூபாய். புது டிக்கெட்டுக்குக் கொடுத்தது ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

சட்டம் படித்த நண்பர்கள் உடனே ரயில்வே வழக்கைக் காட்டுவார்கள். உண்மைதான். 2016 ஜூனில் அஜ்மீர்–ஜம்மு ரயில் நாலு மணி நேரம் தாமதமாகி ஒருவர் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டார். தாமதத்துக்கு ரயில்வே காரணம் காட்டவில்லை, இழப்பீடு கொடுக்கத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கேயும் தனித்தனி டிக்கெட்தான். ஆசிரியருக்காக நான் போடப்போகும் மனுவும் அதைச் சாய்ந்துதான் நிற்கும். ஆனால் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில், தொகை 30,000 ரூபாய். அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஆள் ஒருவரும் அதே வாரம் வந்தார். காரைக்கால்காரர், பிரான்சில் வேலை. வந்தது பாகப்பிரிவினைக்கு. பேச்சுவாக்கில், போன வருடம் பாரிசிலிருந்து வளைகுடா வழியாக வந்தபோது முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டதாகவும், சென்னைக்குப் பதினோரு மணி நேரம் கழித்து வந்ததாகவும், “பரவாயில்லை, பிரியாணி கூப்பன் கொடுத்தார்கள்” என்றும் சொன்னார். டிக்கெட்டைக் கேட்டேன். ஒரே முன்பதிவு. 600 யூரோவைக் கூப்பனுக்கு விட்டுவிட்டு வந்திருக்கிறார்!

“அது அரபு நாட்டு விமானம் ஆயிற்றே சார், நான் இந்திய பாஸ்போர்ட் ஆயிற்றே?” இரண்டுமே பொருட்டில்லை. கிளம்பியது பாரிஸ். ஒரே முன்பதிவு என்றால் கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்த நேரம்தான் கணக்கு; அதுவும் சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, விமானத்தின் கதவு திறந்த நேரம். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம், தூரம் 3,500 கிலோமீட்டருக்கு மேல், காரணம் நிறுவனத்தின் கைக்கு மீறியது இல்லை என்றால் 600 (தாமதம் நாலு மணி நேரத்துக்குள் என்றால் நிறுவனம் அதைப் பாதியாகக் குறைக்கலாம்). இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கும் வழியை ஐரோப்பிய நீதிமன்றம் 2008லேயே பெரும்பாலும் அடைத்துவிட்டது. பிரான்சில் ஐந்து ஆண்டு வரை கேட்கலாம் என்பதால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. போர்டிங் பாஸ்தான் கையில் இல்லை. “எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று போட்டுவிட்டேன்” என்றார். வக்கீலாக இருந்து நான் கேட்ட வாக்கியங்களில் அதிகம் கேட்டது இதுவாகத்தான் இருக்கும்.

அவரே அதே நிறுவனத்தில் சென்னையிலிருந்து பாரிசுக்குத் திரும்பும்போது இது நடந்திருந்தால் அந்த 600 இல்லை. பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி நிஜமாகச் செலவானதை ரசீதோடு காட்டிக் கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள்.

ஆகவே தயவுசெய்து, டிக்கெட் போடும்போதே ‘ஒரே டிக்கெட்டா?’ என்று வாய் திறந்து கேளுங்கள். ஏஜென்டு தன் கைபேசி எண்ணைப் போட்டுப் பதிவு செய்ய விடாதீர்கள். தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று நம் விதியிலேயே இருக்கிறது. தனித்தனியாகத்தான் போவேன் என்றால் முந்தின நாளே சென்னைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் படுங்கள். தாமதம் ஆனதும் கவுண்டரில் சண்டை பிடிக்காமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தர மறுத்தால் அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். வவுச்சர் நீட்டினால், ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சாப்பாட்டு ரசீது, டாக்ஸி ரசீது, பெட்டியில் ஒட்டிய சீட்டு எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும்.

முதலில் நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள். யூரோ வாங்கித் தருகிறோம் என்று வரும் தளங்கள் வருவதில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இங்கே மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம், நுகர்வோர் உதவிக்கு 1915. அதிலும் நகரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள், வழக்குப் போடலாம். டிக்கெட் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

ஆசிரியர் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். பேத்தி என்று நினைத்துத் திறந்தேன். மைத்துனர் சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போகிறாராம், டிக்கெட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பிஎன்ஆர் இரண்டு இருந்தது.