பழைய அமெரிக்க சென்ட் காசை புளி போட்டு தேய்ச்சிடாதீங்க

செப்பு சொம்பு கறுத்துப்போனா புளி போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்குறது நமக்கு பழகிப்போன கை. அதே கையோட ஒரு பழைய அமெரிக்க செப்பு சென்ட்டையும் தேய்ச்சுட்டீங்கன்னா அதோட விலைல பெரும்பங்கு அந்த புளித்தண்ணியோடயே போயிடலாம், திரும்ப வரவே வராது.

ஏன்னா காசு மேல இருக்கற அந்த கறுப்புங்கறது அழுக்கே கிடையாது. செம்பு காத்துல இருக்கற ஆக்ஸிஜனோட சேர்ந்து மேல மெல்லிசா ஒரு ஆக்ஸைடு படலம் கட்டும், கந்தகம் பட்டா இன்னும் கறுக்கும். அது காசோட உலோகமே மாறி உண்டானது. புளில இருக்கற டார்டாரிக் அமிலம் அதை கரைக்கும்போது காசோட தோலும் சேர்ந்து போகுது. அந்த தோல்லதான் விஷயமே இருக்கு. அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவுலேருந்து வெளிப்பக்கமா வழிஞ்சு ஓடி, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய கோடுகளை விட்டுட்டு போகும். நல்ல காசை லைட்டுக்கு கீழ பிடிச்சு மெதுவா சாய்ச்சு பாருங்க, வண்டிச்சக்கரத்து ஆரம் மாதிரி ஒரு ஒளிக்கீத்து சுத்திட்டே வரும். தேய்ச்ச காசுல அது சுத்தாது, மொத்தமா ஒரே மாதிரி மினுக்கும். கழுவினதுன்னு கண்டுபிடிச்சா பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரி தரம் பாக்கற கம்பெனிங்க நம்பர் மார்க் போடாம 'டீட்டெயில்ஸ்'னு எழுதிடுவாங்க, அதாவது பழுதுபட்ட காசுன்னு அர்த்தம்.

மார்க்குன்னா என்னன்னு கேப்பீங்க. வில்லியம் ஷெல்டன்னு ஒரு உளவியல்காரர் 1949-ல 1 முதல் 70 வரைக்கும் ஒரு அளவுகோல் போட்டார். எடுத்துக்கிட்டது 1793-லேருந்து 1814 வரைக்கும் வந்த பெரிய செப்பு சென்ட்டுகளை. தேய்ஞ்சுபோய் என்ன காசுன்னு மட்டும் தெரிஞ்சா 1, அச்சுலேருந்து விழுந்த மாதிரியே இருந்தா 70. அந்த ரக காசுக்கு அடிப்படை விலை ஒரு டாலர்னா 20 மார்க் காசு 20 டாலர், அவ்ளோ சிம்பிளா பெருக்கிக்கலாம்னு நினைச்சார். அந்த பெருக்கல் கணக்கு மார்க்கெட்ல நிக்கல, ஆனா மார்க் மட்டும் நின்னுடுச்சு, இன்னைக்கு எல்லா அமெரிக்க காசுக்கும் அதுதான். செம்புக்கு மட்டும் கூடவே நிறமும் எழுதுவாங்க: சிவப்பு, சிவப்பும் பழுப்பும், பழுப்பு. ஒரே மார்க் வாங்கின ரெண்டு காசுல சிவப்பு காசுக்குத்தான் விலை எகிறும், ஏன்னா ஒருதடவை பழுப்பானது இயற்கையா மறுபடி சிவப்பாகாது.

பழசா இருந்தா காசு பெறும்னு நினைக்கறது தப்பு. 1909-ல லிங்கன் தலை போட்ட சென்ட் வந்தப்போ அதை வடிச்ச விக்டர் டேவிட் பிரென்னரோட வி.டி.பி. எழுத்துக்கள் பின்பக்கம் அடில பெருசா இருந்துச்சு, ஜனங்க முணுமுணுத்ததுல சில நாள்லயே எடுத்துட்டாங்க. அதுக்குள்ள பிலடெல்பியால ரெண்டே முக்கால் கோடிக்கும் மேல அடிச்சாச்சு, சான்பிரான்சிஸ்கோல வெறும் 4,84,000. அதனால வி.டி.பி. போட்ட காசுல வருஷத்துக்கு கீழ குட்டியா சான்பிரான்சிஸ்கோவோட 'எஸ்' இருந்தா தேய்ஞ்ச காசே நூத்துக்கணக்கான டாலர், இல்லேன்னா சில டாலர்தான்.

இவ்ளோ வித்தியாசம் இருந்தா போலியும் வரும்ல. டென்வர்ல அடிச்ச 1914 சென்ட் அரிது, அதனால 1944 டென்வர் காசுல முதல் 4-ஐ சுரண்டி 1 ஆக்கிடுவாங்க. மாட்டிக்கறது எங்கன்னா, அந்த வி.டி.பி. 1918-ல லிங்கன் தோள்பட்டைக்கு கீழ பொடி எழுத்துல திரும்ப வந்துச்சு. 1914-ன்னு போட்ட காசுல தோள்ல அந்த எழுத்து இருந்தா பொய் காசு, ஒரு லென்ஸ் போதும். 1943-க்கு முதல் சோதனைக்கு லென்ஸ்கூட வேணாம். போர்ச்சமயம் செம்பு தேவைப்பட்டதால அந்த வருஷம் துத்தநாகம் பூசின எஃகுலதான் அடிச்சாங்க, தவறி செம்பு தகட்டுல விழுந்தது விரல் விட்டு எண்ணிடலாம். செம்பு நிறத்துல 1943 சென்ட் கிடைச்சா முதல்ல காந்தம் வச்சு பாருங்க, ஒட்டினா எஃகு மேல செம்பு முலாம் பூசினது. ஒட்டலைனா எடை போடுங்க, 3.11 கிராம் பக்கத்துல வரணும், அப்பவும் 1948-ல இருக்கற 8-ஐ வெட்டி 3 ஆக்கியிருக்காங்களான்னு அந்த 3-ஐ உத்து பாத்துட்டுதான் விஷயம் தெரிஞ்ச ஆள்கிட்ட காட்டணும். காட்டறவரைக்கும் ஓரத்தை பிடிச்சு தூக்குங்க, விரல் ரேகை பதிஞ்சா செம்புல அப்படியே தங்கிடும், பி.வி.சி. பிளாஸ்டிக் கவர்ல போடாதீங்க, அதுலேருந்து கசியற அமிலம் காசு மேல பச்சையா பிசுபிசுன்னு படிஞ்சு அரிச்சுடும்.