எம்பீயே என்றால் அனுப்புங்க, எம்பியே என்றால் அனுப்பினேன்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களோடு (வாங்குபவர்களோடு) பேசி வேலையை முடிப்பவர்களாக இருப்பவர்களுக்கு மாலை நேரத்தில் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். சாரா (Zara) என்ற ஆடை பிராண்டின் தாய்க் கம்பெனியான இன்டிடெக்ஸ் ஸ்பெயினின் கலீசியாவில் இருக்கிறது, இன்னொரு ஆடை பிராண்டான மாங்கோ பார்சலோனா பக்கத்தில். முறையான மெயிலுக்கு ஆங்கிலம் போதும். ஆனால் அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டும்போது நம்மவர்கள் ஆசையாக ஸ்பானிஷில் எழுதிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

அவர்கள் அதிகம் தேடும் சொல் ‘எம்பியார்’, அதாவது அனுப்புதல். அளவுத் தாள், ஆர்ட்வொர்க், அப்ரூவல் என்று எதைக் கேட்டாலும் இந்த வினை வேண்டும். நெருக்கமானவரிடம் ‘எம்பீயா’ (அனுப்பு), மரியாதையாக ‘எம்பீயே’ (அனுப்புங்க). எழுத்தில் ‘ஆர்’ என்று முடியும் வினைகளில் பெரும்பாலும் இதுதான் வழி. கடைசி ஆ, ஏ ஆனால் மரியாதை வந்துவிடும். ‘எனக்கு’ என்பதைப் பின்னால் ஒட்டிக்கொள்ளலாம்: எம்பீயேமே, எனக்கு அனுப்புங்க. ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது மட்டும் நீ, நீங்க இரண்டுமே ஏ பக்கம் சாயும்: நோ எம்பீயேஸ் (அனுப்பாதே), நோ எம்பீயே (அனுப்பாதீங்க). ஒட்டிய ‘மே’யும் அப்போது கழன்று முன்னால் போய்விடும்: நோ மே எம்பீயே.

மொழிபெயர்ப்புச் செயலியில் ஆங்கிலத்தில் ‘செண்ட்’ என்று தட்டினால் எம்பீயாவும் வரும், எம்பீயேவும் வரும். ஆங்கிலத்துக்கு அந்த வித்தியாசமே கிடையாதே, செயலி எதை வைத்து முடிவு செய்யும்? கண்ணை மூடிக்கொண்டு ஒட்டாதீர்கள்.

கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு மரியாதை வடிவம் சட்டென்று பிடித்துவிடுகிறது. சின்னப் பையனிடமும் ‘வாங்க, சொல்லுங்க’ என்று பேசிப் பழகிய வாய் அல்லவா. ஸ்பெயினிலும் போனை எடுத்ததும் ‘தீகாமே’ என்பார்கள். நாம் போனில் ‘சொல்லுங்க’ என்கிறோமே, அதேதான், அதுவும் மரியாதை வடிவத்தில். ஆனால் ஒன்று: ஸ்பெயினில் கூட வேலை பார்ப்பவர்கள் சீக்கிரமே ‘நீ’க்கு இறங்கிவிடுவார்கள். பையர் உங்களை ‘நீ’ என்று எழுதத் தொடங்கிய பிறகும் நீங்கள் ‘நீங்க’வையே பிடித்துக்கொண்டிருந்தால் விலகி நிற்பதுபோல் தோன்றும். கொலம்பியாவின் பொகோதாவில் கதையே வேறு, அங்கே வீட்டுக்குள்ளேயே ‘நீங்க’ சகஜம். முதல் செய்தியில் மரியாதை வடிவம், அப்புறம் அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி. நான் சொல்லித்தருவது இதுதான்.

மரியாதையைவிடப் பெரிய தொல்லை ஒரு சின்னச் சாய்கோடு. ‘எம்பீயே’ (envíe) என்று எழுதும்போது கடைசிக்கு முந்தின எழுத்தின் தலையில் அந்தக் கோடு வரும். அதையே கடைசி எழுத்தின் மேல் போட்டால் ‘எம்பியே’ (envié), அதாவது ‘அனுப்பினேன்’. வகுப்பில் பையருக்கு எழுதுகிற மாதிரி ஒரு செய்தி கேட்டேன். ‘எம்பியே லாஸ் மெதீதாஸ், போர் ஃபாவோர்’ என்று வந்தது. அளவுகளை அனுப்புங்க என்று கேட்க வேண்டிய இடத்தில், அளவுகளை அனுப்பிவிட்டேன், தயவுசெய்து என்று இருக்கிறது! போர் ஃபாவோரைப் பார்த்து விவரமானவர் ஊகித்துக்கொள்வார். அதுவும் இல்லாவிட்டால் அவர் நம் மெயிலுக்குக் காத்திருப்பார், நாம் அவர் மெயிலுக்குக் காத்திருப்போம், ஷிப்மென்ட் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும்.

போன் கீபோர்டில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட எழுத்து மேலே வரும். ஸ்பானிஷ் கீபோர்டைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அதுவே திருத்திக்கொடுக்கும். ஆனால் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் இந்த இடத்தில் அதை நம்ப வேண்டாம்.

எம்பியார் பிடிபட்டதும் அடுத்துத் தேவைப்படுவது ‘காம்பியார்’, மாற்றுதல். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் இதிலும் நடுவில் கோடு போட்டுவிடுகிறார்கள். இங்கே அழுத்தம் ‘காம்’ மேல் விழுவதால் கட்டளைக்குக் கோடே கிடையாது. கலரை மாற்றச் சொல்ல ‘காம்பியே எல் கொலோர்’ போதும். கடைசி எழுத்தில் கோடு போட்டால் இதுவும் ‘மாற்றினேன்’ ஆகிவிடும்.