இறங்கும் கால்

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் யார் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய் வந்தார்கள் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. கடை முன் நடைபாதையான ஐந்தடியிலிருந்து சாலைக்கு இறங்கும்போது தூணைப் பிடிக்கிறவர்களை எண்ணினால் போதும். "272 படி ஏறினோமே, வலிக்காதா?" என்பார்கள். ஏறியபோது மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் தொடையில் வலியை வைத்தது, அதே 272 படியை இறங்கி வந்த பத்து நிமிடம்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டத்து மேடுகளில் ஓடிக்கொண்டிருப்பவன் நான். மலையில் எனக்குப் பயம் ஏற்றத்தைக் கண்டு அல்ல.

1952இல் ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவர், பின்னோக்கிச் சுழன்று தன்னிடம் வரும் மிதிகட்டையைக் காலால் தடுப்பார். இருவர் காலிலும் ஒரே விசைதான். ஆனால் தடுப்பவருக்குச் செலவாகும் ஆக்சிஜன் பல மடங்கு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உருவமுள்ள ஒரு பெண் சிரமமின்றித் தடுத்துக்கொண்டிருக்க, மிதித்த வாட்டசாட்டமான ஆண் களைத்துப் போனார்.

மலை ஏறுகிற தொடை, மிதித்த அந்த ஆண். இறங்குகிற தொடை, தடுத்த அந்தப் பெண். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி முழங்காலை நிமிர்த்துகிறது. இறங்கும்போதோ முழங்கால் மடங்க மடங்க, அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கிணற்றில் வாளி இறக்கியவர்களுக்கு இது புரியும். நிறைந்த வாளியை மேலே இழுத்தால் மூச்சு வாங்கும்; கனத்த வாளியைக் கயிற்றை நழுவவிட்டு இறக்கினால் மூச்சு வாங்காது, உள்ளங்கை எரியும்.

தசைக்குள் மயோசின் என்ற புரதம், ஆக்டின் இழையை ஆயிரமாயிரம் குட்டிக் கைகளால் பற்றி இழுக்கிறது. ஒவ்வொரு கையும் பிடியை விட்டு அடுத்த பிடிக்குப் போக ஏடிபி என்ற எரிபொருள் செலவாகும். தசை வலுக்கட்டாயமாக நீட்டப்படும்போது பல பிடிகள் தாமாகவே பிய்ந்துபோவதால் எரிபொருள் மிச்சம். அதே எடையைத் தாங்க மூளை எழுப்பும் தசை இழைகளும் குறைவு. ஐந்து ஆள் வேலைக்கு இரண்டு ஆளை அனுப்புகிற கணக்கு இது. அந்த இரண்டு பேர் பாடு என்னவாகும்? இழைக்குள் வரிசையாக இருக்கும் சார்கோமியர் என்ற நுண் அலகுகளில் பலவீனமானவை அளவுக்கு மீறி நீண்டு சிதைகின்றன. சிதைவைச் சீராக்க நோய் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேர, தசை வீங்கி, நரம்பு முனைகள் கூசத் தொடங்குகின்றன. இதற்கெல்லாம் நேரம் பிடிப்பதால்தான் வலி அன்றைக்கு வராமல் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொடுகிறது.

"லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, உருவிவிடு" என்று இன்றும் சொல்கிறார்கள். பாவம் அந்த அமிலம். ஓடி முடித்த ஒரு மணி நேரம் போல அது இரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் வலிக்கு அதன் மேல் பழி போடுவது அநியாயம். தாமதமாக வரும் இந்த வலிக்குத் தசைக்குள் ஏற்படும் கிழிசலே காரணம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1902இலேயே எழுதிவிட்டார்.

இறக்கத்தின் சூது இங்கேதான். நூறு மீட்டருக்கு இருபது மீட்டர் இறங்கும் சரிவில் ஓடினால், சமதரையில் ஓடுவதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் செலவாகும். ஏற்றத்தோடு ஒப்பிட்டால் உடம்பில் சூடும் குறைவு. ஏற்றத்தில் நம்மை நிறுத்தும் மூச்சு, இறக்கத்தில் வாயைத் திறப்பதில்லை. எனவே வேகம் கூடுகிறது. (ஏற்றத்தில் நனைந்த சட்டையைப் பிழிந்து காட்டிப் பெருமைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: பிழிந்த வேர்வை உடம்பைக் குளிர்விக்காத வேர்வை. ஆவியாகிப் போனதுதான் சூட்டைக் கொண்டு போகும். நம் விடியற்கால ஈரக் காற்றில் அது சுலபமாக ஆவியாவதில்லை.)

நான் ஓடும் மேடு ஒரு காலத்தில் பால்மரக் காடு, அதாவது ரப்பர் தோட்டம்; இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்மண் பாதை, மழை பெய்தால் சோப்பு. களிமண் துகள்கள் தட்டையானவை. இடையில் நீர் புகுந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். சப்பாத்தின் அடிக்குமிழ்கள் அந்தச் சேற்றைத் துளைத்துக் கெட்டி மண்ணைத் தொட்டால்தான் பிடிப்பு. முன்பு விலை உயர்ந்த ஒரு ஜோடி வாங்கி, குமிழ்களுக்கிடையே களிமண் அப்பிக்கொண்டு, மணிக்கட்டு வீங்க விழுந்தேன். அதற்குப் பிறகு மழை நாளில் 'அடிடாஸ் கம்போங்'தான். அந்தப் பெயருள்ள ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பால் வெட்டுகிறவர்கள் போட்டுப் பேர்போன, ஒரே வார்ப்பு ரப்பர் சப்பாத்து. துணி இல்லாததால் நீரைக் குடித்துக் கனக்காது. உள்ளே மெத்தையும் கிடையாது. நீளக் காலுறை இல்லாமல் போட்டால் குதிகால் தோலை அதனிடம் கொடுத்துவிட்டு வர வேண்டும். இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைத் தடுக்கவும் காலுறை உதவும்.

சென்ற ஆண்டு அண்ணன் மகன் கூட வந்தான். பந்து விளையாடுகிற பையன், ஏற்றத்தில் என்னை முந்தினான். "இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வை" என்றேன். எட்டி எட்டிப் பாய்ந்தான். கால் உடலுக்கு முன்னால் தூரத்தில் ஊன்றினால், ஒவ்வொரு அடியும் ஒரு பெரிய பிரேக். செவ்வாய்க்கிழமை கைப்பேசியில் குரல் வந்தது: "சித்தப்பா, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். குந்தவும் முடியவில்லை."

வலி போனதும் வரச் சொன்னேன். ஒரே ஒரு முறை இப்படி அடி வாங்கிய தசை, அடுத்த முறை அதே வேலைக்கு மிகக் குறைவாகவே சிதைகிறது. நரம்பு கூடுதல் இழைகளை வேலைக்கு அழைக்கிறது, இழைகளைச் சுற்றியுள்ள இணைப்புத் திசு உறுதிப்படுகிறது, சார்கோமியர்கள் வரிசையில் புதிதாகச் சேர்கின்றன என்று பல விளக்கங்கள் உண்டு. பாதுகாப்பு வாரக் கணக்கில், சில தசைகளில் மாதக் கணக்கிலும் நீடிக்கும். போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் ஒரு நீண்ட இறக்கத்தை வேண்டுமென்றே ஓடிவிடுவது என் வழக்கம். அதற்குப் பிறகு எவ்வளவு ஆசை வந்தாலும் இறக்கத்தில் பாய்வதில்லை; ஐம்பதைத் தாண்டிய தொடை ஆற நாள் எடுக்கிறது.

அம்மா இதே மேட்டில் பால் வெட்டினார். காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளி தொங்க, சிந்தாமல், சற்றே பக்கவாட்டில் திரும்பி, அரை அடி அரை அடியாக இறங்குவார். தோள் வலி, இடுப்பு வலி என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொடை வலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் மகன் வந்தான். அதே சரிவு, இந்த முறை சின்ன அடி. கீழே வந்ததும் காலுறையில் ஊர்ந்த அட்டையைத் தட்டிவிடக் குந்தி உட்கார்ந்தான். மறுநாள் காலை அவனே கூப்பிட்டான். கழிவறையில் கதவைப் பிடிக்காமல் எழுந்தானாம்.