தாத்தா பாட்டிக்கான சட்டம்: வகுப்பில் சொல்ல வேண்டியது

உயர்நிலை வகுப்புகளில் முதியோர் நலன் என்று பேச ஆரம்பித்தால், 'பெரியவர்களை மதிக்க வேண்டும்' என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஐ எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி வரும்.

யார் காப்பாற்ற வேண்டும்? மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரும்தான். பையன்களுக்கு மட்டுமான கடமை என்று நினைத்திருப்பவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். 18 வயது ஆகாதவர்களுக்கு இந்தப் பொறுப்பு இல்லை. 18 ஆனதும் அந்த விலக்கு போய்விடும் என்பதையும் சொல்லிவிடலாம். பிள்ளை இல்லாத முதியவருக்கு, அவருடைய சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் வாரிசு பொறுப்பு.

60 வயது ஆனவர் மூத்த குடிமகன். தாய், தந்தை என்றால் அந்த வயதுகூட ஆகியிருக்க வேண்டியதில்லை. சொந்த வருமானத்திலோ சொத்திலோ பிழைக்க முடியாத நிலை என்றால் போதும்.

தமிழ்நாட்டில் பராமரிப்புச் செலவு கேட்கும் மனுவை வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) கொடுக்க வேண்டும். ஆர்.டி.ஓ. என்றதும் லைசென்ஸ் எடுக்கும் இடம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள், அது வேறு. நடமாட முடியாதவர் தன் சார்பில் வேறொருவரை மனுச் செய்யச் சொல்லலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் ஒருமுறை மட்டும் இன்னும் 30 நாள். மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கும். முடிவு திருப்தி இல்லையென்றால் முதியவர் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். கவனித்துக்கொள்ள வேண்டியவரே முதியவரை அடியோடு கைவிட்டுவிட்டுப் போனால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சரி, இதெல்லாம் ஒரு பீரியடில் முடிந்துவிடும். நேரம் எடுத்துச் சொல்ல வேண்டியது 23-ஆம் பிரிவு. வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டின் திண்ணையில் சோற்றுக்குக் காத்திருக்கும் நிலை வருகிறதே, அதற்கான பிரிவு இது. அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்குத்தான் இது.

போர்டில் இரண்டு வாசகங்கள் எழுதுங்கள். ஒன்று, 'அன்பினாலும் பிரியத்தினாலும் இந்தச் சொத்தைத் தானமாகக் கொடுக்கிறேன்.' இன்னொன்று, அதோடு 'என் ஆயுள் உள்ளவரை எனக்கு உணவும் மருத்துவமும் தந்து கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற வரி சேர்ந்தது. எதை ரத்து செய்வது எளிது என்று கேளுங்கள். முதலாவதில் அன்பு இருக்கிறது, நிபந்தனை இல்லை. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025 ஜனவரியில் ஒரு தாயின் வழக்கில், மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழித் தாளையும் கணக்கில் எடுத்துத் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அந்த ஒரு வரி எழுத்தில் இருந்தால் நிபந்தனையைக் காட்டுவது எளிது.

முதியோர் உதவித்தொகையை இதோடு குழப்ப வேண்டாம். அது ஆதரவற்ற ஏழை முதியோருக்கு அரசு தருவது; 2023-இல் தமிழ்நாட்டில் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்புறம், எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது. நோட்டில் எழுதுவதைவிட, தாத்தாவின் போனில் பிள்ளைகளே பதிந்து வைக்கட்டும்.