பத்து மாம்பழங்களும் பத்தாயிரம் மாதிரிகளும்

கணினி விஞ்ஞானத்தில் முதுமாணி படிக்க வருகிறவர்களுக்குப் புள்ளிவிபரவியலை எங்கிருந்து தொடங்கிக் கற்பிப்பது? உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்து, பட்டப்படிப்பிலும் நிகழ்தகவைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் நியம விலகலின் சூத்திரம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் "கிடைத்த சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அதே மாணவர்கள் ஒரு நிரலை மளமளவென்று எழுதிவிடுவார்கள். அந்தக் கைத்திறனிலிருந்தே பாடம் தொடங்கவேண்டும், சூத்திரம் பிறகு வரட்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு மிகப் பொருத்தமான வாசல் பூட்ஸ்ட்ராப் எனப்படும் மீள்மாதிரி முறை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களை வாங்கி நிறுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். எடைகள் கிராமில் 380, 410, 425, 440, 455, 470, 480, 510, 545, 720. சராசரி 483.5. வேறு பத்துப் பழங்களை வாங்கியிருந்தால் சராசரியும் வேறாகத்தான் இருந்திருக்கும். எவ்வளவு வேறாக? அதை அறிய ஆயிரம் முறை சந்தைக்குப் போகமுடியாது.

1979இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பிராட்லி எஃப்ரான் முன்வைத்த வழி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. கையிலுள்ள பத்துப் பழங்களையே முழுச் சந்தையாகப் பாவியுங்கள். எழுமாற்றாக ஒன்றை எடுத்து, எடையைக் குறித்து, திரும்ப வைத்துவிடுங்கள். இப்படிப் பத்து முறை எடுத்தால் ஒரு புதிய மாதிரி. அதில் 455 மூன்று தடவை வரலாம், 380 வராமலே போகலாம். அதன் சராசரியைக் கணித்து வைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கணினி இதைப் பத்தாயிரம் முறை செய்ய ஒரு விநாடி கூடத் தேவையில்லை.

கிடைக்கும் 10,000 சராசரிகளும் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று பார்த்தால், அவற்றின் நியம விலகல் ஏறத்தாழ 29 கிராம். பாடநூல் முறைப்படி நியம விலகலை மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது 30. சூத்திரம் சொன்னதை மாணவர் தன் திரையில் நேரே காண்கிறார். இந்தச் சராசரிகளை ஏறுவரிசையில் அடுக்கி, இரு அந்தங்களிலும் 250ஐ நீக்கினால் எஞ்சும் வீச்சே 95 சதவீத நம்பிக்கை ஆயிடை, அதாவது முழுச் சந்தையின் உண்மையான சராசரி இருக்கக்கூடும் என்று நாம் கொள்ளும் எல்லை. பத்துப் பழம் போன்ற சிறிய மாதிரியில் அது சற்று ஒடுங்கலாகவே வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடவேண்டும்.

முறையின் உண்மையான வலு அடுத்த கேள்வியில் தெரிகிறது. இடையத்துக்கு, அதாவது நடுவில் நிற்கும் எடைக்கு, இப்படியான பரவலைக் கணிக்க அவ்வளவு எளிய சூத்திரம் இல்லை. நிரலிலோ ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். இடையத்தின் பரவல் சராசரியினதைவிடக் குறைவாக வரும். 720 கிராம் பழம் ஒவ்வொரு முறை அகப்படும்போதும் சராசரியை மேலே இழுக்கிறது, இடையத்தை அவ்வளவாக அசைப்பதில்லை.

அந்தப் பெரிய பழம் ஒரு மீள்மாதிரியில் அகப்படாமலே போகும் நிகழ்தகவு என்ன? ஒவ்வொரு எடுப்பிலும் தப்ப 0.9. பத்திலும் தப்ப, 0.9இன் பத்தாம் அடுக்கு, அதாவது 0.349. தரவு பெருகப் பெருக இந்த எண் 0.368ஐ நெருங்கும். ஆகவே பெரிய தரவுத்தொகுதியின் ஒரு மீள்மாதிரியில் ஏறத்தாழ 63 சதவீதத் தரவுகளே இடம்பெறும், மீதி வெளியே நிற்கும். இயந்திரக் கற்றலில் மாணவர்கள் அன்றாடம் கையாளும் ரேண்டம் ஃபாரஸ்ட், அதாவது பல தீர்மான மரங்களின் விடைகளைச் சேர்த்து முடிவுகாணும் முறை, இதன்மேல்தான் எழுந்திருக்கிறது. லியோ பிரைமன் 2001இல் விவரித்த அந்த முறையில் ஒவ்வொரு மரமும் ஒரு மீள்மாதிரியில் பயில்கிறது. வெளியே நின்ற தரவுகள் அந்த மரத்தைச் சோதிக்க உதவுகின்றன. மென்பொருள் நூலகத்திலிருந்து இறக்கி ஓட்டிவந்த நிரலுக்குள் நிகழ்தகவு வேலை செய்வதை மாணவர் இங்கே கண்டுகொள்கிறார். அதனாலேயே இந்தக் கணக்குக்கு ஒரு முழு வகுப்பைச் செலவிடலாம் என்பேன்.

எங்கே இது கைகொடுக்காது என்பதைக் கற்பிக்காவிட்டால் பாடம் பாதிதான். பத்துப் பழங்களும் ஒரே கடைக்காரரின் கூடையில் மேலே அடுக்கியிருந்த பெரிய பழங்களாக இருந்தால், பத்து இலட்சம் மீள்மாதிரி எடுத்தாலும் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும். யாழ்ப்பாணத்தின் நாளாந்த மழைவீழ்ச்சிக்கு இதை அப்படியே பயன்படுத்துவதும் தவறு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இன்று மழை பெய்தால் நாளையும் பெய்யும் வாய்ப்புக் கூடுதல். நாட்களைத் தனித்தனியே குலுக்கி எடுத்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அடுத்தடுத்த நாட்களைத் தொகுதி தொகுதியாக எடுக்கவேண்டும்.

இன்னொரு பயிற்சி: மிகப் பெரிய எடைக்கும் இதே நிரலை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 720ஐத் தாண்டிய எண் ஒன்றுகூட வராது. ஏறத்தாழ 65 சதவீத மீள்மாதிரிகளில் விடை 720ஆகவே இருக்கும். சந்தையில் அதைவிடப் பெரிய பழம் கிடக்குமா என்பதை இந்த முறையால் சொல்லமுடியாது. அதற்கு, மிகப் பெரிய, மிகச் சிறிய பெறுமானங்களை ஆராயும் உச்சப்பெறுமானக் கோட்பாடு என்று வேறு பாடம் இருக்கிறது.